பிளெண்டட் விஸ்கி இல்லையென்றால் சிங்கிள் மால்ட் ஏது?

வாசகர் கேள்வி, 9 ஆகஸ்ட் 2025

அண்ணே, நீங்கள் ஸ்காட்லாந்தில் இருப்பதால் கேட்கிறேன். சிங்கிள் மால்ட்தான் அசல் ஸ்காட்ச், பிளெண்டட் எல்லாம் மலிவான தானியச் சாராயத்தை ஊற்றி நீட்டிய கலப்படம் என்று எங்கள் வட்டத்தில் அடித்துச் சொல்கிறார்கள். பிளெண்டட் விஸ்கியான பிளாக் லேபிள் வாங்கி வந்த நண்பரை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். அப்படியென்றால் பெரிய கம்பெனிகள் ஏன் இதைத்தான் அதிகம் விற்கின்றன? விவரம் தெரியாதவர்கள் தலையில் கட்டுவதுதானா?

9 ஆகஸ்ட், இரவு

யார் தலையிலும் கட்டவில்லை தம்பி. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே டிஸ்டில்லரியில், அதாவது வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்தது. பிளெண்டட் என்றால் பல டிஸ்டில்லரிகளின் மால்ட்டோடு, வேறு தானியத்தில் வடித்த கிரெய்ன் விஸ்கியையும் கலந்தது. உங்கள் வட்டம் கொண்டாடுகிற மால்ட் டிஸ்டில்லரிகளில் பெரும்பாலானவை இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததே பிளெண்டட் விற்ற காசில்தான். 2022-ல் ஸ்காட்ச் ஏற்றுமதி 620 கோடி பவுண்டு. அதில் 59 சதவீதம் பிளெண்டட். இது பணக் கணக்கு. மால்ட் பாட்டில் விலை கூடுதல் என்பதால் பாட்டில் கணக்கில் பார்த்தால் பிளெண்டட்டின் பங்கு இன்னும் மேலே போகும்.

ஆக்ராய்ஸ்க், இஞ்ச்கோவர், மில்டன்டஃப், கிளென்பர்கி என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எல்லாமே மால்ட் டிஸ்டில்லரிகள், வடிப்பது பெரும்பாலும் பிளெண்டட் பிராண்டுகளுக்கு. மில்டன்டஃப்பும் கிளென்பர்கியும் பாலன்டைன்ஸுக்கு, இஞ்ச்கோவர் பெல்ஸுக்கு, ஆக்ராய்ஸ்க் ஜே அண்ட் பி-க்கு. தங்கள் சொந்தப் பெயரில் கடைக்கு வருவது அத்தி பூத்தாற்போலத்தான்.

மிச்சம் நாளை எழுதுகிறேன். கலப்படம் என்று சொன்னீர்களே, அதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது.

10 ஆகஸ்ட்

1905-ல் லண்டனில் இஸ்லிங்டன் நகராட்சி, கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. விஸ்கி கேட்ட ஆளுக்கு விஸ்கி அல்லாத ஒன்றைக் கொடுத்தார்கள், உணவுக் கலப்படச் சட்டப்படி குற்றம் என்பது குற்றச்சாட்டு. பாட்டிலில் இருந்தது பெரும்பாலும் கிரெய்ன் விஸ்கி, கொஞ்சம் மால்ட். கீழ்க்கோர்ட்டில் நகராட்சி ஜெயித்தது. மேல்முறையீட்டில் அமர்வு சரிபாதியாகப் பிரிந்துவிட்டதால் முடிவே வரவில்லை. கடைசியில் 1908-ல் அரச ஆணையம் போட்டார்கள். 1909-ல் அறிக்கை வந்தது: பாட் ஸ்டில் என்கிற செப்புக் கலத்தில் ஈடு ஈடாக வடித்தாலும், நிற்காமல் ஓடுகிற தொடர் வடிகலனில் வடித்தாலும் இரண்டும் விஸ்கிதான், இரண்டையும் கலந்தாலும் விஸ்கிதான்.

நகராட்சிக்கு அந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருடம் முன்னால்தான் லீத் துறைமுகத்தில் பாட்டிசன் சகோதரர்கள் என்று இரண்டு பேர் பெரிய பிளெண்டிங் சாம்ராஜ்யம் கட்டி, 1898 டிசம்பரில் ஒரேயடியாகக் கவிழ்ந்தார்கள். கிளிகளுக்குத் தங்கள் விஸ்கி பெயரைச் சொல்லப் பழக்கி மதுக்கடைகளுக்கு அனுப்பினார்கள் என்று இங்கே இன்றும் கதை சொல்வார்கள். கிளியை விடுங்கள், கணக்குப் புத்தகத்தில் அவர்கள் செய்த வேலைதான் விஷயம். மலிவான கிரெய்னில் சொட்டு மால்ட்டை விட்டு உயர்ந்த பழைய கிளென்லிவெட் (பேர்போன மால்ட்) என்று விற்றிருக்கிறார்கள். 1901-ல் இருவரும் சிறைக்குப் போனார்கள். அவர்களை நம்பிக் கடன் கொடுத்தவர்கள், அவர்கள் வாங்குவார்கள் என்று பீப்பாய் பீப்பாயாக வடித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள்.

ஆக மோசடி நடக்கவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். மோசடி செய்தவர்கள் பிளெண்டர்களில் இருந்தார்கள். ஆனால் 1909-க்கு அப்புறம் வந்த விதிகள், முக்கியமாக முதல் உலகப்போர் நடந்தபோது வந்த கட்டாய முதிர்வுச் சட்டம், அந்தக் கதவை அடைத்தன. 1915-ல் இரண்டு வருடம் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்றார்கள், அடுத்த வருடமே அதை மூன்றாக்கினார்கள். அந்த மூன்று வருடம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, மால்ட்டுக்கும் கிரெய்னுக்கும் ஒரே மாதிரி.

12 ஆகஸ்ட்

சின்னக் குறிப்பு. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து பிடித்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. ஒரே டிஸ்டில்லரி, முளைகட்டிய பார்லி மட்டும், செப்புப் பாட் ஸ்டில். அவ்வளவுதான். கிளென்ஃபிடிக் 12 பாட்டிலுக்குள்ளும் எண்ணற்ற பீப்பாய்களின் சரக்கு கலந்துதான் இருக்கிறது. அங்கேயும் ஒரு பிளெண்டர் உட்கார்ந்து இந்த வருட ருசி போன வருட ருசியோடு ஒத்துப்போகிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் அனுப்புகிறார். லேபிளில் இருக்கிற 12 என்பது அந்தக் கூட்டத்தில் மிகவும் இளையதின் வயது. நிறத்துக்குக் கேரமல் சேர்ப்பதும் சட்டப்படி இரண்டுக்கும் பொது.

16 ஆகஸ்ட்

சொந்த அனுபவம் கேட்டவர்களுக்கு. கிளாஸ்கோ பக்கம் ஒரு பிளெண்டிங் நிறுவனத்தில், பெயர் வேண்டாம், சில காலம் வேலை பார்த்தேன். முதலில் பீப்பாய் காலி செய்கிற கூடத்தில், பிறகு மாதிரி அறையில்.

காலி செய்கிற கூடத்தைப் பார்த்தால் பிளெண்டட் பற்றிய இளக்காரம் பாதி போய்விடும். துருப்பிடிக்காத எஃகில் நீளத் தொட்டி, அதன் மேல் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி. பீப்பாய்களை வரிசையாக உருட்டி வந்து, மூடித் துளை கீழே பார்க்கும்படித் திருப்பிவிடுவார்கள். சரக்கு கொட்டும்போது உள்ளே கருக்கிய மரத்தின் கரித்துகள்கள் கருப்புச் செதில்களாகக் கூடவே வந்து தொட்டியில் மிதக்கும். கண்ணி வைத்து வடிகட்டுவார்கள். ஒரே தொட்டியில் ஹைலேண்ட், ஸ்பேசைட், ஐலே என்று ஸ்காட்லாந்தின் பல வட்டாரச் சரக்கும் ஒன்றுசேரும். பெரிய கலத்துக்குப் போனதும் கீழிருந்து காற்றைச் செலுத்திக் கலக்குவார்கள். கூடம் முழுக்க வருகிற அந்த வாடையில் ஒரு மணி நேரம் நின்றால் மதியச் சாப்பாட்டில் உப்பு உறைப்பு தெரியாது.

அதற்கு முன்னால், ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் எடுத்த மாதிரி எங்கள் அறைக்கு வந்துவிடும். குறுகிய வாய் உள்ள துலிப் கோப்பை, மேலே சின்னக் கண்ணாடி மூடி. தண்ணீர் ஊற்றி 20 சதவீத ஆல்கஹாலுக்கு இறக்குவோம், இல்லையென்றால் ஆல்கஹால் மூக்கைச் சுட்டுவிடும், மற்றது எதுவும் தெரியாது. குடிப்பது கிடையாது. முழுக்க மூக்குதான். மூடியை எடுத்து, முகர்ந்து, வைத்துவிட்டு அடுத்தது. சரியாக இருந்தால் ஒரு டிக். ஒன்றில் மட்டும் ஈரக் கோணியின் வாடை வரும், அதை ஒதுக்குவோம். மூடியின் அடியில் வைத்த துணி நனைந்து பூஞ்சை பிடித்திருக்கும், அல்லது பழைய ஷெர்ரி பீப்பாயில் கந்தகம் தங்கியிருக்கும். அந்த ஒன்று கவனிக்காமல் தொட்டிக்குள் போனால் நூற்றுக்கணக்கான பீப்பாய் சரக்கு நாறிப்போகும்.

எனக்கு அங்கே புரிந்தது இதுதான். கையில் இருக்கிற மால்ட்டுகள் வருடா வருடம் மாறுகின்றன. ஒரு டிஸ்டில்லரி பழுதுபார்க்க மூடியிருக்கும், இன்னொன்றில் பீப்பாய் வகை மாறியிருக்கும், வேறொரு நிறுவனம் விற்பதை நிறுத்தியிருக்கும். வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியவே கூடாது. லாகோஸில் வாங்கினாலும் லிஸ்பனில் வாங்கினாலும் அதே ருசி. சமையல் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டால் ருசி மாறிவிடும், ருசி மாறாமல் இருக்கக் குறிப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜானி வாக்கரில் பல வருடம் இந்த வேலையைப் பார்த்த ஜிம் பெவெரிட்ஜ் 2021-ல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பிறகு எம்மா வாக்கர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். வாக்கர் குடும்பத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

17 ஆகஸ்ட்

கிரெய்ன் என்றால் நம் ஊர் ஸ்பிரிட் மாதிரிதானே என்று கேட்டவருக்கு: இல்லை. 94.8 சதவீத ஆல்கஹாலுக்குக் குறைவாகத்தான் வடிக்க வேண்டும், மூலத் தானியத்தின் மணம் மிச்சம் இருக்க வேண்டும், ஓக் பீப்பாயில் மூன்று வருடம் ஸ்காட்லாந்துக்குள்ளேயே கிடக்க வேண்டும். பெரும்பாலும் கோதுமை, சில இடங்களில் மக்காச்சோளம், கூடவே கொஞ்சம் முளைகட்டிய பார்லி.

மலிவு என்பது உண்மை. பாட் ஸ்டில்லில் ஒவ்வொரு ஈடாக ஊற்றிக் காய்ச்ச வேண்டும், முடிந்ததும் கழுவி மறுபடி ஊற்ற வேண்டும். தொடர் வடிகலனில் ஒரு பக்கம் ஊறல் போய்க்கொண்டே இருக்கும், மறுபக்கம் சரக்கு வந்துகொண்டே இருக்கும். அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை வாங்கிய வடிவம், அதற்கு முன்பே ராபர்ட் ஸ்டெய்ன் ஒன்று செய்திருந்தார். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் வட்டாரத்தில் இருக்கிற கேமரன்பிரிட்ஜ் கிரெய்ன் டிஸ்டில்லரி ஒரே இடத்தில் வருடத்துக்கு 10 கோடி லிட்டருக்கு மேல் வடிக்கும் திறன் கொண்டது. எந்த மால்ட் டிஸ்டில்லரியும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் மலிவுக்காக மட்டும் அதைச் சேர்ப்பதில்லை. நல்ல பூர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் நிறைய வருடம் கிடந்த கிரெய்னை முகர்ந்து பாருங்கள். தேங்காய், வெனிலா, காய்ச்சிய சர்க்கரை. நான் முகர்ந்ததிலேயே மறக்க முடியாத சரக்கு ஒரு பழைய நார்த் பிரிட்டிஷ் கிரெய்ன், எடின்பரோ நகரத்துக்குள்ளேயே வடித்தது. எந்த மால்ட்டுக்கும் அது தலைகுனிய வேண்டியதில்லை.

23 ஆகஸ்ட்

வரலாறு கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இதை ஆரம்பித்தவர்கள் டிஸ்டில்லரி முதலாளிகள் கிடையாது, மளிகைக்கடைக்காரர்கள். ஜான் வாக்கர் 1820-ல் கில்மார்னாக்கில் கடை வைத்தார். ஜேம்ஸ் சிவாஸும் தம்பி ஜானும் அபர்டீனில் மளிகைதான். ஜார்ஜ் பாலன்டைன் 1827-ல் எடின்பரோவில், ஜான் டூவார் 1846-ல் பெர்த்தில், அங்கேயே மேத்யூ குளோக், அவர் வழிவந்தவர்கள் விற்றதுதான் ஃபேமஸ் குரௌஸ். டீத்தூளைக் கலந்து ஒரே தரமாக விற்றுப் பழகின ஆட்கள். அந்தக் காலத்து மால்ட் ஒரு பீப்பாய் மாதிரி இன்னொன்று இருக்காது, சிலது குடிக்கவே முடியாது. வாடிக்கையாளர் போன மாதம் வாங்கியதையே மறுபடி கேட்டால் எங்கே போவது? கலந்தார்கள்.

எடின்பரோவில் ஆண்ட்ரூ அஷர் நிறுவனம் 1853-ல் கிளென்லிவெட்டின் பல வயது மால்ட்டுகளைச் சேர்த்து ஒன்றை இறக்கியது. 1860-ல் வந்த சட்டம்தான் திருப்பம். வரி கட்டுவதற்கு முன்பே, முத்திரையிட்ட கிடங்குக்குள்ளேயே மால்ட்டையும் கிரெய்னையும் கலக்கலாம் என்று அனுமதித்தது. அதுவரை முதலில் வரியைக் கட்டிவிட்டுத்தான் கலக்க முடியும், அந்தப் பணத்தை எத்தனை கடைக்காரர் முடக்க முடியும்? எடின்பரோவில் அஷர் ஹால் என்று பெரிய கச்சேரி மண்டபம் இருக்கிறது, 1914-ல் திறந்தது. அஷர் குடும்பம் கொடுத்த 1 லட்சம் பவுண்டில் கட்டியது. பிளெண்டட் எவ்வளவு பணம் பண்ணியது என்று தெரிய வேண்டுமா, அதன் குவிமாடத்தைப் பார்த்தால் போதும்.

அப்புறம் பிரான்சில் திராட்சைக் கொடிகளை ஃபிலாக்ஸெரா பூச்சி தின்று தீர்த்தது. பிராந்தி கிடைக்கவில்லை. சோடாவோடு குடிக்க ஏதாவது வேண்டும் என்று தேடிய லண்டன்காரர்களுக்கு மால்ட் கனமாகவும் புகைச்சலாகவும் இருந்தது, பிளெண்டட் இதமாக இறங்கியது. வாக்கரின் மகன் அலெக்சாண்டர் கப்பலில் உடையாமல் அடுக்கச் சதுர பாட்டில் கொண்டுவந்தார். சாம்ராஜ்யம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் அந்தப் பாட்டில் போனது.

ஸ்காட்ச் என்ற பெயரே பிளெண்டட் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்கு முன் அது ஸ்காட்லாந்துக்குள் சுற்றிய சரக்கு.

23 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அப்படிப் பணம் வந்ததும் பிளெண்டர்கள் மால்ட் டிஸ்டில்லரிகளைத் தாங்களே வாங்க, கட்ட ஆரம்பித்தார்கள். வாக்கர் 1893-ல் கார்டூவை எலிசபெத் கம்மிங்கிடமிருந்து வாங்கினார்கள். டூவார் குடும்பம் அபர்ஃபெல்டியைக் கட்டி 1898-ல் ஓட்ட ஆரம்பித்தது. டீச்சர்ஸ் அதே வருடம் ஆர்ட்மோர். ஸ்பேசைடில் இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிற பல புகைபோக்கிகள் அந்த 1890-களில் பிளெண்டட்டுக்காக எழுந்தவை.

30 ஆகஸ்ட்

பிளெண்டட்டில் கலக்க நாற்பது வகை மால்ட் ஒரே கம்பெனியிடம் எப்படி இருக்கும், எல்லா டிஸ்டில்லரியும் அவர்களுடையதா என்று கேள்வி. நல்ல கேள்வி.

மாற்றிக்கொள்வார்கள். இது வெளியில் அதிகம் பேசப்படாத விஷயம். கடையில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிற கம்பெனிகள் கிடங்கில் பீப்பாய்க்குப் பீப்பாய் பண்டமாற்று செய்கின்றன. உன் ஸ்பேசைட் இவ்வளவு எனக்கு, என் ஐலே இவ்வளவு உனக்கு. பல நேரம் பணமே கைமாறாது. ஒரு நிறுவனத்தின் கிடங்கில் எதிராளியின் பெயர் போட்ட பீப்பாய்கள் வரிசையாக அடுக்கியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன், அங்கே யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை.

இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. வாங்குகிறவர் அந்தப் பீப்பாயைப் பிறகு நம் டிஸ்டில்லரி பெயரிலேயே சிங்கிள் மால்ட்டாக விற்றுவிடக் கூடாது அல்லவா? அதனால் வில்லியம் கிராண்ட் நிறுவனம் தன் பால்வெனி டிஸ்டில்லரியின் பீப்பாயில் தன்னுடைய இன்னொரு மால்ட்டான கிளென்ஃபிடிக்கை ஒரு ஸ்பூன் விட்டு பர்ன்சைட் என்ற பெயரில் கொடுக்கும். ஒரு ஸ்பூன்தான், ருசியில் எதுவும் தெரியாது, ஆனால் சட்டப்படி அது இனி சிங்கிள் மால்ட் ஆகாது, ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்டில்லரியின் மால்ட் கலந்த பிளெண்டட் மால்ட்.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஜப்பானில் விஸ்கித் தொழிலுக்கு முன்னோடியான மசதாக்கா தகெட்சுரு 1918-ல் கிளாஸ்கோவுக்கு வந்து படித்து, லாங்மார்னிலும் போனெஸ் கிரெய்ன் டிஸ்டில்லரியிலும் கேம்பெல்டவுனில் ஹேசல்பர்னிலும் தொழில் கற்றுக்கொண்டு ஊருக்குப் போனார். அங்கே இந்தக் கொடுக்கல் வாங்கல் வேரூன்றவில்லை. சன்டோரி, நிக்கா என்ற இரண்டு ஜப்பான் கம்பெனிகளுக்கும் பிளெண்டட் செய்ய வகைவகையாக மால்ட் வேண்டும், அடுத்தவன் தர மாட்டான். ஆகவே ஒரே டிஸ்டில்லரிக்குள் வேறு வேறு உருவத்தில் ஸ்டில் வைத்து, எல்லா வகையையும் தாங்களே வடித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு டிஸ்டில்லரியும் தனக்கென்று ஒரு குணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நூறு வருடம் இருக்க முடிந்தது, மற்ற குணங்கள் பக்கத்து ஊரிலிருந்து கிடைத்ததால்தான். சிங்கிள் மால்ட் ரசிகர்கள் சிலாகிக்கிற அந்தத் தனித்தன்மைக்கே பண்டமாற்றுத்தான் காவல்.

6 செப்டம்பர்

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் படித்தால் பிளெண்டட்தான் மால்ட்டைத் தூக்கி வளர்த்த தாய் என்று தோன்றும். அது உண்மைதான், ஆனால் அந்தத் தாய் பிள்ளைகளில் சிலரைக் கைவிட்டும் இருக்கிறாள்.

1970-களில் உலகமெங்கும் பிளெண்டட் விற்கும், விற்றுக்கொண்டே இருக்கும் என்று நம்பி வடித்துத் தள்ளினார்கள். விஸ்கி இன்று வடித்தால் விற்க வருடக்கணக்கில் ஆகும், கணக்குப் போடுவதில்தான் உயிரே இருக்கிறது. எண்ணெய் விலை ஏறியது, பொருளாதாரம் படுத்தது, இளைஞர்கள் வோட்காவுக்கும் ஒயினுக்கும் போனார்கள். கிடங்கெல்லாம் சரக்கு ஏரியாக நின்றது. அப்போது தொழிலிலேயே மிகப்பெரிய நிறுவனமாக இருந்த டி.சி.எல். (டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்) 1983-ல் டிஸ்டில்லரி டிஸ்டில்லரியாக மூடியது: போர்ட் எலன், பிரோரா, பான்ஃப், டல்லாஸ் டூ, கிளென் ஆல்பின், கிளென் மோர், செயின்ட் மேக்டலின். பட்டியல் இன்னும் இருக்கிறது.

எந்த டிஸ்டில்லரி நல்ல மால்ட் வடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பிளெண்டட்டுக்கு ஐலே தீவு மால்ட்டின் புகை வாடை வேண்டும், அதை அந்தத் தீவின் கேல் ஐலா டிஸ்டில்லரி பெரிய அளவில் தருகிறது, அப்புறம் அதே தீவில் போர்ட் எலன் எதற்கு? அவ்வளவுதான் கணக்கு. பின்னாளில் அதே போர்ட் எலனின் மிச்சப் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போயின. பிரோராவை 2021-லும் போர்ட் எலனை 2024-லும் கோடிகளைக் கொட்டி மறுபடி திறந்தார்கள். இன்வர்னெஸில் கிளென் ஆல்பினும் கிளென் மோரும் இருந்த இடத்தில் கடை வளாகமும் கார் நிறுத்தமும்தான் இருக்கின்றன, அவை திரும்பி வரப்போவதில்லை.

ஒரு தொழில் முழுவதும் ஒரே வாடிக்கையாளரை, அதாவது பிளெண்டரை, நம்பியிருந்தால் இதுதான் கதி. அந்த வகையில் சிங்கிள் மால்ட் தனிச் சந்தை பிடித்தது டிஸ்டில்லரிகளுக்கு ஒரு பாதுகாப்பு. உங்கள் வட்டத்து ஆட்கள் காசு கொடுத்து மால்ட் வாங்குவதால்தான் சில புகைபோக்கிகள் அணையாமல் இருக்கின்றன. அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்கிறேன், மனதார.

7 செப்டம்பர்

டல்லாஸ் டூவை மூடிய பிறகு அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள், ஃபாரஸ் ஊருக்குப் பக்கத்தில். ஸ்டில், நொதிக்கலம், எல்லாம் விட்டது விட்டபடி இருந்தன. கையை வைத்தால் செப்பு சில்லென்று இருந்தது. ஓடுகிற டிஸ்டில்லரியில் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது, அத்தனை சூடு.

8 செப்டம்பர்

1963 பற்றி மட்டும் ஒரு வரி. சிங்கிள் மால்ட்டை வெளிநாட்டில் தனியாக விற்கலாம் என்று துணிந்த முதல் பெரிய முயற்சி கிளென்ஃபிடிக், 1963. அதை வைத்திருக்கிற கிராண்ட் குடும்பம் அதே 1963-ல் கிர்வன் என்ற மாபெரும் கிரெய்ன் டிஸ்டில்லரியையும் கட்டியது, கிரெய்னுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று. ஒரு கையில் மால்ட், மறுகையில் பிளெண்டட்டுக்கான கிரெய்ன். இரண்டும் எதிரெதிர் என்று அவர்கள் நினைக்கவில்லை.

20 செப்டம்பர்

வீட்டிலேயே கலந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பாருங்கள், இதைவிட நல்ல பாடம் கிடையாது. மருந்துக்கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரன்பிரிட்ஜில் வடித்த ஹெய்க் கிளப், கார்டூ 12, கேல் ஐலா 12. சுத்தமான சின்ன பாட்டில்.

நான் முதலில் 70 மில்லி கிரெய்ன், 25 கார்டூ, 5 கேல் ஐலா என்று கலந்தேன். வெறும் 5 மில்லிதான், ஆனால் மூடியைத் திறந்ததும் புகைதான் வந்தது, கார்டூவின் பச்சை ஆப்பிள் வாடை எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐலே மால்ட்டை எவ்வளவு கஞ்சத்தனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று அப்போது உறைக்கும். 2 மில்லிக்கு இறக்கினேன். இப்போது புகை முதலில் தெரியவில்லை, விழுங்கின பிறகு தொண்டையில் மெல்ல எழுந்தது. கூடவே கிளைன்லிஷ் 14 கொஞ்சம் விட்டேன், மூன்று மில்லி இருக்கும். அந்த டிஸ்டில்லரி சரக்கில் மெழுகுத்தன்மை உண்டு, நாக்கில் ஒட்டி நிற்கும். தண்ணியாக ஓடிக்கொண்டிருந்த கலவைக்கு திடீரென்று உடம்பு வந்தது.

கலந்த உடனே ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். அன்றைக்குத் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் மூடி வைத்தால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சில நிறுவனங்கள் கலந்த பிறகும் மறுபடி பீப்பாயில் ஊற்றி மாதக்கணக்கில் போட்டு வைக்கின்றன, வைட் அண்ட் மெக்கே அதற்குப் பேர்போனது.

என்னுடையது கடைசியில் குடிக்கும்படி இருந்தது, ஆனால் இங்கே கடையில் கிடைக்கிற மலிவான சாதாரண பாட்டிலின் ஒழுங்கு அதில் இல்லை. நாலு பாட்டிலை வைத்துக்கொண்டே இவ்வளவு திண்டாட்டம் என்றால், நாற்பது மால்ட்டை, பல கிரெய்னை, வருடா வருடம் மாறுகிற பீப்பாய்களை வைத்து லட்சக்கணக்கான பாட்டிலுக்கு ஒரே ருசி கொண்டுவருகிற ஆளை யோசித்துப் பாருங்கள்.

28 செப்டம்பர்

பிளெண்டட் மேல் எனக்கு இருக்கிற குறையையும் எழுதிவிடுகிறேன், பூசி மெழுகிவிட்டுப் போக மனமில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை சதவீதம் மால்ட், எத்தனை கிரெய்ன், ஒவ்வொன்றும் எந்த வயது, எதுவும் லேபிளில் இருக்காது. 20-லிருந்து 40 சதவீதம் வரை மால்ட் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது, மலிவானதில் குறைவாகவும் விலை உயர்ந்ததில் கூடுதலாகவும் இருக்கும், நாம் ஊகிக்க வேண்டியதுதான். இதில் விதியும் தடையாக இருக்கிறது. வயது போடுவதானால் இளையதின் வயதை மட்டும்தான் போடலாம். காம்பஸ் பாக்ஸ் என்ற சின்ன பிளெண்டிங் நிறுவனம், 2000-ல் ஜான் கிளேசர் ஆரம்பித்தது, தன் கலவையில் உள்ள ஒவ்வொரு விஸ்கியின் வயதையும் வெளிப்படையாகச் சொன்னது. அது விதிமீறல் என்று புகார் போனது, நீக்க வேண்டியதாயிற்று. 2016-ல் அவர்கள் விதியை மாற்றக் கோரி இயக்கமே நடத்தினார்கள். மாறவில்லை.

இது அநியாயம் என்று நினைக்கிறேன். ஒளித்து வைப்பதால்தான் கலப்படம் என்ற பேச்சே உயிரோடு இருக்கிறது. விருப்பமுள்ள நிறுவனம் முழு விவரத்தையும் சொல்லட்டும், சொல்ல விரும்பாதவர் விட்டுவிடட்டும். பாட்டிசன் காலத்துச் சந்தேகம் 2025-லும் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இந்த மௌனம்தான் பெரிய காரணம்.

11 அக்டோபர்

இந்தியாவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. சரி.

பாட்டில் எண்ணிக்கையில் 2024-ல் ஸ்காட்ச்சின் மிகப்பெரிய வெளிநாட்டுச் சந்தை இந்தியா, 19 கோடியே 20 லட்சம் பாட்டில். ஆனால் அது பாட்டிலாக மட்டும் வருவதில்லை. பெரிய பகுதி மொத்தமாகக் கொள்கலனில் வருகிறது. இதிலும் பிளெண்டட்டுக்கும் சிங்கிள் மால்ட்டுக்கும் சட்டம் வேறு: 2012 நவம்பரிலிருந்து சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும், பிளெண்டட்டை மொத்தமாக அனுப்பி வேறு நாட்டில் அடைக்கலாம். டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ், வாட் 69 எல்லாம் இந்தியாவில் அடைக்கப்படுவது இப்படித்தான். இன்னொரு பங்கு, கரும்புக் கழிவுப் பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்த இந்திய ஸ்பிரிட்டோடு கொஞ்சமாகக் கலந்து உள்ளூர் விஸ்கியாகப் போகிறது. அது ஸ்காட்ச் இல்லை. உங்கள் வட்டத்தில் பிளெண்டட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது இந்தக் கலவைகளைக் குடித்த அனுபவத்தில்தான் என்று எனக்குப் பலமான சந்தேகம்.

2007-ல் விஜய் மல்லையாவின் நிறுவனம் 59.5 கோடி பவுண்டு கொடுத்து வைட் அண்ட் மெக்கேயையே வாங்கியதும் இந்தத் தேவைக்காகத்தான், இன்வர்கார்டன் கிரெய்ன் டிஸ்டில்லரியும் மால்ட் டிஸ்டில்லரிகளும் கையில் இருந்தால் சரக்குக்கு யாரிடமும் நிற்க வேண்டாம். பிறகு ஜானி வாக்கரை வைத்திருக்கிற டியாஜியோ, மல்லையாவின் யுனைடெட் ஸ்பிரிட்ஸை எடுத்துக்கொண்டபோது 2014-ல் வைட் அண்ட் மெக்கே பிலிப்பைன்ஸின் எம்பெரடர் நிறுவனத்துக்குப் போனது.

இந்தியாவின் இறக்குமதி வரி: 2025-ல் 150 சதவீதம். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தப்படி அது முதலில் 75, பத்து வருடத்தில் 40. இது சுங்க வரி மட்டும், மாநில வரியைத் தொடாது என்பதால் கடை விலை அதே அளவுக்குச் சரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இங்கே பிளெண்டட் தொழிலுக்கு இந்த நேரத்தில் அது மூச்சுக்காற்று. ஏற்றுமதி 2022-ல் 620 கோடி பவுண்டு, 2023-ல் 560, 2024-ல் 540 என்று இறங்கியது, அமெரிக்கா 2025 ஏப்ரலில் 10 சதவீத வரி போட்டது. கிடங்குகளில் 2 கோடியே 20 லட்சம் பீப்பாய் கிடக்கிறது. 2024-ல், மெக்காலன் என்ற விலை உயர்ந்த மால்ட்டை வைத்திருக்கிற எட்ரிங்டன் நிறுவனம், ஃபேமஸ் குரௌஸை வில்லியம் கிராண்டுக்கு விற்கிறோம் என்று அறிவித்தது. விலை உயர்ந்த மால்ட் மட்டும் போதும் என்று ஒரு பெரிய வீடு பிளெண்டட்டை விட்டு வெளியே வருகிறது, இன்னொரு வீடு அதை விரும்பி வாங்குகிறது.

நான் வாங்கினவர் பக்கம்.